நடுவில் உட்காரும் அண்ணி

என் அண்ணி டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். காய்கறி வாங்கப் போனால்கூட யாராவது நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா டாக்டரம்மா?" என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்பார்கள். "எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேளுங்க" என்று அண்ணி சொன்னால், பாருங்கள் எவ்வளவு தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு. மனுஷி என்னதான் செய்வார்?

அவர் செய்வது மொழிபெயர்ப்பு வேலை. நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசுவது இங்கிலீஷ். வருகிற நோயாளிகளிலோ தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். டாக்டருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, கொஞ்சம் பின்தள்ளி அண்ணி உட்கார்ந்துகொள்வார். அவர் சொன்னதை இவர்களுக்கு, இவர்கள் சொன்னதை அவருக்கு. அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். அந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. டாக்டர் 'நான்' என்று சொன்னால், மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "நான் கல்லை எடுத்துட்டேன்னு டாக்டர் சொல்றாரு" என்று சொல்லக் கூடாது. "நான் கல்லை எடுத்துட்டேன்." முடிந்தது.

இதனால் வந்த வினைதான் அந்த டாக்டரம்மா பட்டம். பித்தப்பைக் கல் எடுத்த ஓர் அம்மாள், பக்கத்தில் நின்ற டாக்டரை விட்டுவிட்டு அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். வசவும் அப்படியேதான் வரும். சர்க்கரை நோயால் ஒரு கால் போன பெரியவர் ஒருவர், "நீதானே என் காலை எடுக்கணும்னு சொன்னே" என்று அண்ணியின் முகத்துக்கு நேராகக் கத்திவிட்டார். அதையும் அண்ணி அப்படியே இங்கிலீஷில் டாக்டருக்குச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பெரியவர் பஸ் நிறுத்தத்தில் அண்ணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வேலைக்கு அவர் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டால், பரீட்சை எழுதினேன், சான்றிதழ் இருக்கிறது என்பார். எனக்குத் தெரிந்து உண்மையான பயிற்சி அவர் பிறந்த வீட்டில் கிடைத்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலை. நடுவில் அண்ணி. "சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "எனக்குப் பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. ஒரு தடவை அண்ணி சமாதானம் செய்துவைக்கிற ஆசையில், அம்மா சொல்லாத ஓர் அன்பான வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று அம்மா குதிக்க, "பார்த்தியா, அவளுக்கு அந்த நினைப்பே இல்லை" என்று அப்பா முறைக்க, சண்டை இன்னும் ஒரு மாதம் நீண்டது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம்.

நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. மாடியில் அண்ணனும் அண்ணியும். கீழே நானும் என் தையல் மெஷினும். நான் ஒரு துணிக்கடையில் அளவு திருத்துகிற வேலை பார்க்கிறேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ரவிக்கை பிடிப்பதைத் தளர்த்துவது. டைட், லூஸ், ஷார்ட், லாங். என் இங்கிலீஷ் இடுப்பளவுக்கு மேல் போகாது. வாயும் கொஞ்சம் கூர்மை என்பதால் அண்ணன் எனக்கு ஊசி என்று பெயர் வைத்தான். அண்ணியும் அப்படியே கூப்பிடுகிறார். நாத்தனாரை ஊசி என்று கூப்பிடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணி தன் தொழில் சங்கடங்களைச் சொல்வார். யார், என்ன நோய் என்று ஒரு நாளும் வாயைத் திறக்க மாட்டார். வார்த்தைகளைப் பற்றி மட்டும்தான். அப்படித்தான் 'புல் த்ரூ' எனக்கு அறிமுகமானது. புல் என்றால் இழு. அது எனக்கே தெரியும், கடைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

"ஆஸ்பத்திரில இழுக்குதுன்னா நம்ம ஆளுங்க சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லக் கிளம்பிடுவாங்களே" என்றான் அண்ணன்.

"அங்கதான் வித்தியாசம். இவங்க இழுத்தா ஆள் இந்தப் பக்கம் வந்துடுவார்" என்றார் அண்ணி. சாகக் கிடந்த ஒருவர் பிழைத்து எழுந்தால் அப்படிச் சொல்வார்களாம். டாக்டர்களும் நர்சுகளும் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தாலும் அதே சொல்தான். கடை நொடித்துப்போகிற நிலைமையிலிருந்து ஒரு குடும்பம் தப்பி மேலே வந்தாலும் சொல்லலாம். கையில் இருப்பதை வைத்து ஏதோ காலத்தை ஓட்டுவதற்கு வேறு சொல், அது 'கெட் பை'. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ ஊசி. சளிக் காய்ச்சலுக்கு இதைச் சொல்ல மாட்டாங்க. போயிடுவாரோன்னு பயந்த இடத்துலதான் சொல்வாங்க."

"அப்போ பிழைச்சுக்குவார்னு சொல்லிட வேண்டியதுதானே. இதுல என்ன சங்கடம்?"

"சொல்லலாம். ஒரு தடவை ஓர் அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன். உங்க பையன் பிழைச்சுக்குவான். அவங்க மயங்கி விழுந்துட்டாங்க. பையன் சாகிற நிலைமையில இருந்தான்னே அவங்களுக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லல. நல்ல செய்தி சொல்லப்போய் கெட்ட செய்தியையும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். உள்ளே போகும் முன் டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டு, இந்தக் குடும்பத்துக்கு ஆபத்து எவ்வளவு என்று தெரியுமா என்று கேட்டுவிடுவார். தெரியாது என்றால், முதலில் அதைச் சொல்லுங்கள், நம்பிக்கையைப் பிறகு சொல்லுங்கள் என்பார். சில டாக்டர்கள் முகம் சுளிப்பார்களாம். பிறகு பழகிவிட்டது. இப்போது அவர்களே அண்ணியைத் தேடி வந்து சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். போன மழைக் காலத்தில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இவன் முழங்கால் தண்ணீரில் நின்று நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, நனைந்த துணியோடு வீட்டுக்கு வந்தான். இருமல் வந்தது. டாக்டரிடம் போ என்றேன். "வீட்டுலயே டாக்டரம்மா இருக்கும்போது வெளி டாக்டர் எதுக்கு?" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. சிரிப்பு முடியுமுன் இருமல், இருமல் முடியுமுன் மூச்சிரைப்பு. கடைசியில் மாடிப்படி இறங்க முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனை மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, வாயில் குழாய் போட்டு, மூச்சு இயந்திரத்தில் மாட்டிவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "என்ன அண்ணி இது?" என்றேன்.

"நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கறாங்க. தேறிடுவார்" என்றார்.

நான் நம்பினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் குறுக்கு விசாரணை செய்திருப்பேன். கூட்டாமல் குறைக்காமல் பேசுவதையே தொழிலாகக் கொண்ட மனுஷி சொன்னால் அதற்கு மேல் என்ன கேட்பது? தினமும் போனேன், தினமும் தேறிடுவார் என்றார். நான் தினமும் வீட்டுக்கு வந்து பத்து விரலும் வலிக்கத் தைத்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில், குடும்பத்தோடு பேச வேண்டும், தங்கையும் வரட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு சின்ன அறை. வட்ட மேஜை, நாலு நாற்காலி, மூக்குத் துடைக்கிற காகிதப் பெட்டி. அந்தப் பெட்டியை என் பார்வையில் படாமல் தள்ளிவைத்தேன். அண்ணி பழக்கதோஷத்தில் நடு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டார். கூட வந்த நர்ஸ் அதை முன்னால் நகர்த்தி அவர் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பதும் ஒரு விதியாம். இன்றைக்கு நீங்கள் மனைவி மட்டும்தான் என்றாராம் நர்ஸ். மேஜை மேல் ஒரு தொலைபேசியை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணின் குரல் வந்தது.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். இங்க பேசறது எல்லாத்தையும் அப்படியே சொல்வேன். டாக்டர் நான்னு சொன்னா நானும் நான்னுதான் சொல்வேன்."

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். என்னைப் பார்த்தே பேசினார். கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார், குரல் வரும்.

"உங்க அண்ணனோட ரெண்டு நுரையீரலும் கிருமியால ரொம்பக் கெட்டிருக்கு. முதல்ல கொடுத்த மருந்து கேட்கல. நேத்து வேற மருந்துக்கு மாத்தியிருக்கேன். அது வேலை செய்யுதான்னு இனிமேதான் தெரியும். அவர் பிழைச்சுக்குவார்னு நான் நம்பறேன். ஆனா உறுதியாச் சொல்ல என்னால முடியாது."

பிழைச்சுக்குவார். அந்த வார்த்தையை எங்கே சொல்வார்கள் என்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் பாடம் கேட்டவள் நான். டாக்டர் வாயிலிருந்து வந்த இங்கிலீஷிலும் அந்த 'புல் த்ரூ' என் காதில் விழுந்திருந்தது. "செத்துப்போற அளவுக்கா?" என்று தொலைபேசியைப் பார்த்துக் கேட்டேன். குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. டாக்டர் தலையை அசைத்தார். "ஆமாம். அந்த அளவுக்குத்தான்" என்றது குரல். நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் சாய்ந்து, தொலைபேசியையே பார்த்துக்கொண்டு, உதடு லேசாக அசைய, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே லிஃப்ட்டுக்கு முன்னால் வந்து நின்றதும் வெடித்துவிட்டேன். "தேறிடுவார், தேறிடுவார்னு சொன்னீங்களே அண்ணி. ஊருக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்றவங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ணீங்க? என் கூடப் பிறந்தவன் அண்ணி அவன்."

அண்ணி பொத்தானை அழுத்தினார். "நல்லாச் சொன்னார் அந்த ஆள்" என்றார். "'ஹோப்'பை நம்பறேன்னு போட்டது சரி. உறுதியாங்கறதையும் விடல. நிறைய பேர் அதை முழுங்கிடுவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்காரர் உயிர் ஊசலாடுகிறது, இவர் தமிழுக்கு மதிப்பெண் போடுகிறார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அண்ணி ஏறவில்லை. கதவு மூடியது. மறுபடி பொத்தானை அழுத்தினார். மறுபடி திறந்தது, மறுபடி நின்றார். உள்ளே இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே கீழே போனார்கள்.

"ஊசி" என்றார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்ன அண்ணி, நீங்களும் உள்ளதானே இருந்தீங்க?"

"இருந்தேன். அவர் சரியாச் சொல்றாரா, எதையாவது விட்டுடறாரான்னு கவனிச்சுக்கிட்டே இருந்தேன். வார்த்தைக்கு வார்த்தை சரியா இருந்துச்சு. என்ன விஷயம்னு உள்ள இறங்கவே இல்ல. இங்கிலீஷ்ல வந்ததும் வேலையாப் போச்சு, தமிழ்ல வந்ததும் வேலையாப் போச்சு. நீ சொல்லு."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்காரவைத்தேன். எனக்கு மொழிபெயர்க்கத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"அண்ணன் செத்துப் போயிடலாம் அண்ணி. போகாமலும் இருக்கலாம். புது மருந்து கேட்குதான்னு பார்க்கணும். டாக்டர் நம்பிக்கையாத்தான் இருக்காங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருப்போம்."

கடைசி வாக்கியம் டாக்டர் சொல்லாதது. அண்ணி அதைத் திருத்தவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "உன்கிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன்" என்றார் அழுகைக்கு நடுவில். "சொன்னா அது என் காதுலயும் விழுமே."

அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பெஞ்சைவிட்டு அதிகம் நகரவில்லை. ஆனால் தனியாகவும் இருக்கவில்லை. அண்ணனோடு வேலை செய்கிற மெக்கானிக்குகள் அழுக்குச் சட்டையோடு முறை வைத்து வந்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் முதலாளியம்மா என் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே தைத்தார். தையல் கோணல்மாணல்தான், சொல்லக் கூடாது. அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்கிற நர்ஸ், ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து எங்களுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவரைப் பல பேர் சேர்ந்து இழுத்துக் கரை சேர்ப்பது என்று அண்ணி சொன்னாரே, அந்த அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஒவ்வொருவரையும் நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ஒரு கால் போன அந்தப் பெரியவரும் வந்தார். புண்ணைக் காட்ட வந்த இடத்தில் எங்களைப் பார்த்திருக்கிறார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ சொன்னது உன் வார்த்தை இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். "யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. நம்ம பாஷையில திட்டினா புரியற ஆளு அங்க நீ ஒருத்திதான் இருந்தே." அண்ணி சிரித்துவிட்டார். அந்தப் பெரியவர் பிறகு வெகுநேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

புது மருந்து கேட்டது. ஒரே நாளில் அல்ல, அடம்பிடிக்கிற பிள்ளை சாப்பிடுவது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. காய்ச்சல் இறங்கியது. இயந்திரத்தின் வேலையைக் குறைத்தார்கள். பிறகு குழாயை எடுத்தார்கள். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு எங்களை நோக்கி வந்தார். தொலைபேசி இல்லை, குரல் இல்லை. இரண்டே இரண்டு இங்கிலீஷ் வார்த்தைதான் சொல்லியிருப்பார், அதுவும் நடந்துகொண்டே. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. டாக்டர் எதிர்பார்க்காத நேரத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருடைய வெள்ளைக் கோட்டு தோளில் சற்று லூஸ். அதையும் கவனித்தேன், என்ன செய்வது.

உள்ளே போனோம். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டிருந்தான். தாடி வளர்ந்து, உதடு வெடித்து, தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. தூங்கியவன் எழுந்திருக்கிறான், அவ்வளவுதான்.

"என்ன ரெண்டு பேரும் இப்படி மூஞ்சி வீங்கி நிக்கறீங்க?" என்றான். "காய்ச்சல்தானே. அந்தக் குழியில தண்ணி எறைச்சாங்களா இல்லையா?"

"ஒண்ணுமில்லண்ணா" என்று நான் ஆரம்பித்தேன். மற்றதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். நாற்காலியைத் தேடவில்லை. கட்டிலிலேயே, அவன் இடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காய்ச்சல் இல்லீங்க" என்றார். "செத்துப் போயிருப்பீங்க. நான் ரொம்பப் பயந்துட்டேன்."

அண்ணன் வாயில் ஏதோ கிண்டல் வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டான். அண்ணியின் முகத்தையே பார்த்தான்.

"நீயா?" என்றான்.

"நான்தான்" என்றார் அண்ணி. குனிந்து அவன் நெஞ்சின் மேல் தலையை வைத்துக்கொண்டார். அண்ணன் ஊசி குத்தாத கையைத் தூக்க முயன்றான், பலமில்லை. நான் அந்தக் கையை எடுத்து அண்ணியின் தலையில் வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.